தண்டவாளத்தில் மூன்று வெடி

டமார்!

கண்ணாடி நெகட்டிவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த காப்பாளரின் கை அப்படியே நின்றது.

டமார்! டமார்!

மூன்று வெடி. ஒன்றன் பின் ஒன்றாக... ரயில் ம்யூசியத்தின் பின்பக்கத்திலிருந்து.

அவள் முதலில் செய்த காரியம், கையிலிருந்த நெகட்டிவைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்ததுதான். எந்த அவசரத்திலும் அவளுக்குப் பொருள்தான் முக்கியம். வீட்டில் கணவன் இதைச் சொல்லியே பாதிச் சண்டையைத் தொடங்குவான்.

அப்புறம்தான் அந்த அலறல்.

"ஐயோ... யாராவது வாங்களேன்..."

ஓடினாள்.

இன்ஜின் ஷெட்டைத் தாண்டி, பின் கேட்டை நோக்கிச் சரிந்து போகும் பழைய தண்டவாளம். புல் மண்டிக் கிடந்தது. அதன் நடுவே ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். தலை தண்டவாளத்தின் மேல். தலையைச் சுற்றி ரத்தம்.

ம்யூசியம் டிரஸ்டின் செயலாளர்.

கண்கள் திறந்திருந்தன. ஆனால் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தவர் இரும்புக்கடைக்காரர். பழைய இரும்பு வாங்கி விற்கும் பெரிய புள்ளி. உடம்பு பெரிசு, தைரியம் சின்னது.

"மேடம்... நான் எதுவும் பண்ணல மேடம்..."

"நீங்க பண்ணினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே."

சொல்லவில்லை. ஆனால் நினைத்தாள்.

*

வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர், காப்பாளரின் சொந்தத் தம்பி. ஊரில் இருப்பது ஒரே ஸ்டேஷன். அவளுக்கு இருப்பதும் ஒரே தம்பி. என்ன செய்வது?

கான்ஸ்டபிள்கள் காதில் விழும் தூரத்தில் இருந்தால் 'மேடம்'. இல்லாவிட்டால் 'அக்கா'.

"சத்தம் கேட்டப்ப எங்க இருந்தீங்க மேடம்?"

"பேக்கிங் ரூம்ல."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். சின்ன வயதில் அவன் பல்பத்தைத் திருடித் தின்றது யார் என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. அன்றைக்கு அவள்தான் தின்றிருந்தாள். இன்றைக்கு அவள் இல்லை. ஆனால் பார்வை மாறவில்லை.

"துப்பாக்கிச் சத்தம்னு சொல்றாங்க. உடம்புல குண்டு பட்ட காயமே இல்ல. இருந்தாலும் துப்பாக்கியத் தேடியாகணும். நீங்க கட்டி வெச்சிருக்கற எல்லாப் பெட்டியையும் ஸ்டேஷனுக்கு ஏத்தறேன்."

அது மட்டும் நடக்கக் கூடாது.

காரணம் இருந்தது. ம்யூசியத்தை மூடிவிட்டார்கள். இடத்தையும் கட்டடத்தையும் டிரஸ்ட் விற்றாகிவிட்டது. நாளைக்கு இடிக்கும் இயந்திரம் வருகிறது. அதற்குள் உள்ளே இருப்பதெல்லாம் வெளியூர் ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டிகளை ஏற்றிப் போக இன்றைக்கு லாரி வருகிறது. ஷெட்டில் நிற்கும் ரயில் இன்ஜினைத் தூக்க, லாரிக்குப் பின்னாலேயே கிரேன். இதுதான் செயலாளர் செய்து வைத்திருந்த ஏற்பாடு.

விளக்குகள், கொடிகள், மணிகள், முதல் ரயில் ஓடிய நாளில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள்... கல்யாணம் ஆன வருஷத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். பிள்ளை பெற்ற விடுப்பிலும் துரு எடுக்க வந்து போனவள். ஒவ்வொன்றும் அவள் கையால் துடைத்து, அவள் கையால் சுற்றியது.

ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டேஷன் பின்னால் மழையில் கிடக்கும் பைக்குகளைத் தினமும் பார்க்கிறாள். அவற்றில் செடி முளைத்திருக்கிறது.

தம்பியைத் தனியாக இழுத்தாள்.

"டேய், பெட்டிய மட்டும் தொடாத. இன்னிக்கு லாரில ஏறலைன்னா அதுக்குப் போக்கிடமே இல்ல."

"அக்கா, ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறான். நீ பெட்டியப் பத்திப் பேசற. எனக்கே உன் மேல சந்தேகம் வருது."

"வந்துட்டுப் போகட்டும். பெட்டியத் தொடாத."

*

இரும்புக்கடைக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

"இங்க உங்களுக்கு என்ன வேலை?"

"நாளைக்கு எனக்கு வர்ற சரக்கைப் பாக்கலாம்னு வந்தேன் சார். பின் கேட் திறந்திருந்துச்சு. உள்ள வரும்போதே டமார்னு சத்தம். குனிஞ்சுட்டேன். நிமிர்ந்து பாத்தா இவரு இப்படிக் கிடக்காரு."

"என்ன சரக்கு?"

"இன்ஜின்தான் சார். காஸ் கட்டருக்குக்கூட ஆள் சொல்லிட்டேன்."

காப்பாளர் திடுக்கிட்டாள்.

"இன்ஜின் காப்பகத்துக்குல்ல போகுது?"

"யார் சொன்னா? செயலாளர் எனக்குன்னுல்ல சொன்னாரு. அட்வான்ஸ் வாங்கிட்டாரே."

இன்ஸ்பெக்டரும் காப்பாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொய் சொல்வது இவரா... செத்துப் போனவரா?

தண்டவாளத்தின் கடைசியில், பின் கேட்டை ஒட்டிய முட்டுக்கட்டையில் இடித்துக்கொண்டு ஒரு தள்ளு டிராலி நின்றது. அந்தக் காலத்தில் லைன் பார்க்கப் போகிறவர்கள் உட்கார்ந்து போவதும், ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவதுமான வண்டி. அதன் மேல் ஒரு கனத்த மரப்பெட்டி.

காப்பாளர் மூடியைத் தூக்கினாள்.

வெள்ளி மண்வெட்டி! இந்த ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்ட, அன்றைய பெரிய மனிதர் ஒருவருக்காகச் செய்தது. ம்யூசியத்தின் ராஜா இதுதான். கூடவே நான்கைந்து பித்தளைச் சாமான்கள்.

"இது ஸ்ட்ராங் ரூம்ல இருக்கணும்."

"அந்த ரூம் பூட்டு உடையல, பாத்துட்டேன். சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செயலாளர்கிட்ட ஒண்ணு..."

"இன்னொண்ணு?"

"என்கிட்ட."

கான்ஸ்டபிள் ஒருவர் இருமினார். அந்த இருமலில் ஒரு குற்றப்பத்திரிகையே இருந்தது.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். உடல் கிடந்த இடத்துக்கும் டிராலிக்கும் நடுவே, தண்டவாளத்தின் மேல் கறுப்பாக மூன்று கருகல். பக்கத்தில் பிய்ந்து போன தகரம்.

"இது என்ன?"

காப்பாளருக்குத் தெரிந்துவிட்டது.

"எச்சரிக்கை வெடி. ரயில்வேல வழியில ஏதாவது ஆபத்துன்னா, தண்டவாளத்து மேல இதைக் கட்டி வைப்பாங்க. சக்கரம் ஏறினா வெடிக்கும். டிரைவர் வண்டிய நிறுத்திடுவார்."

"இங்க யார் வெச்சது?"

அவள் குனிந்து பிய்ந்த தகரத்தைப் பார்த்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவளுடைய மாமனார். ரிட்டயர்டு ரயில் கார்டு. ஊருக்கே 'கார்டு மாமா'. ம்யூசியத்தில் சம்பளமில்லாமல் வந்து விளக்குத் துடைக்கிறவர்.

*

"மாமா, என்ன சொல்றீங்க? நம்ம ம்யூசியம் அலமாரில இருந்த வெடியெல்லாம் காலி டப்பா."

"அலமாரில இருந்தது காலிம்மா. என் டிரங்குப் பெட்டில இருந்தது காலி இல்ல."

"வீட்டுலயா வெச்சிருந்தீங்க? என் கட்டிலுக்கு அடியில இருக்கற டிரங்குப் பெட்டியா?"

"நீ அங்க கூட்டவே மாட்டியே. அதான் பத்திரமா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார்.

"எதுக்கு மாமா வெச்சீங்க?"

"நேத்து சாயங்காலம் பாத்தேன். ஷெட்டுக்குள்ள இருக்க வேண்டிய டிராலி, வெளியில லைன்ல நிக்குது. லைன்ல ஒரு வண்டி நின்னா அதுக்குப் பாதுகாப்பு குடுக்கறது கார்டோட வேலை. குடுத்தேன்."

"இந்த லைன்ல எந்த ரயில் வந்து மோதப் போகுது?"

"ரயில் வரல தம்பி. ஆனா யாரோ ராத்திரியோ காலையிலயோ இதைக் கேட் பக்கம் தள்ளப் போறான்னு தோணுச்சு. எவன்னு ஊருக்கே கேக்கட்டும்னு வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"கேட்டுச்சு மாமா. வெடிச்ச அதிர்ச்சில அவர் விழுந்து, தண்டவாளத்துல மண்டை இடிச்சு செத்தே போயிட்டாரு. இப்ப நான் உங்களத்தான் கூட்டிட்டுப் போகணும்."

கார்டு மாமா ஷெட் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார்.

காப்பாளருக்குப் போன வாரம் நினைவுக்கு வந்தது. இதே வாசலில், செயலாளரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மாமனார் கத்தியது. 'இந்த இடத்தை வித்துட்டு நீ நல்லா இருந்துடுவியா?'

வெடி வைத்தது மட்டும்தானா... அல்லது அதற்கு மேலும் ஏதாவது?

சீ! என்ன நினைப்பு இது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

*

அந்த நேரத்தில்தான் முன் கேட்டில் லாரி ஹார்ன் அடித்தது.

காப்பக அதிகாரி. சலவைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கையில் வெள்ளைக் கையுறை. லாரியை ஓட்டி வந்ததும் அவரேதான்.

"டிரைவருக்கு ஜுரம் மேடம். நாள் தள்ளிப் போகக் கூடாதுன்னு நானே வந்துட்டேன். இங்க என்ன போலீஸ்?"

சொன்னாள். அதிகாரி 'த்சொ த்சொ' என்றார். துக்கம் விசாரித்த வேகத்திலேயே வாட்சைப் பார்த்தார்.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மேடம், சாயங்காலத்துக்குள்ள எங்க கோடவுன்ல இறக்கியாகணும். இன்னிக்கு விட்டா எங்க மேலிடம் வேற கலெக்‌ஷனுக்கு இடத்தைக் குடுத்துடும்."

அவள் தம்பியிடம் ஓடினாள். கெஞ்சினாள். பிறந்ததிலிருந்து அவனிடம் இப்படிக் கெஞ்சியதில்லை.

"சரி, சோதனை போட்ட பெட்டிய மட்டும் ஏத்தட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா மாமா என்கூட வரணும்."

"கொஞ்சம் இரு."

அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடல் கிடந்த இடம் மேலே. கருகல் நடுவில். டிராலி கீழே.

"டேய், இந்த லைன் சரிவு. டிராலியத் தள்ளினா, தள்ளறவன் அதுக்கு ஒட்டினாப்பலதானே வருவான்?"

"ஆமா."

"வெடிச்ச அதிர்ச்சில விழுந்திருந்தா, கருகல் பக்கத்துலல்ல விழுந்திருக்கணும்? இவர் எங்கயோ மேல கிடக்கறாரே."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். உடலைப் பார்த்தார். கருகலைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப... முதல்ல விழுந்தது செயலாளர்."

"அவர் கை விட்டதும் டிராலி தானா ஓடியிருக்கு. அதுக்கப்புறம்தான் வெடி."

"வெடிக்கறதுக்கு முன்னாடியே யாரோ பின்னாலருந்து மண்டையில போட்டிருக்கான்."

கொலை.

மாமனார் இல்லை. அந்த நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே நிம்மதி ஓடிப்போனது.

அப்படியானால் யார்? பின் கேட் வழியாக வந்தேன் என்று சொல்லும் இரும்புக்கடைக்காரரா?

"சார், நான் கோழியக்கூட அடிச்சதில்ல சார்" என்றார் அவர், யாரும் கேட்காமலே.

*

பேக்கிங் ரூம் பாதி காலியாகியிருந்தது. அதிகாரி சுறுசுறுப்பானவர்.

காப்பாளர், வாசல் சரிவில் நின்ற லாரியின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். விளக்குப் பெட்டிகள் ஒரு பக்கம். மணிகள் ஒரு பக்கம். நெகட்டிவ் பெட்டிகள்...

அவள் இன்னொரு முறை பார்த்தாள்.

கண்ணாடி நெகட்டிவ் பெட்டிகளை அதிகாரி படுக்கப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

கண்ணாடி நெகட்டிவைப் படுக்க வைக்கக் கூடாது. நூலகத்தில் புத்தகம் நிற்பது மாதிரி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் மேலே இருக்கும் கனம் தாங்காமல் அடியில் இருப்பது விரிசல் விடும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது. மறக்கவே மறக்காதது. சமையல்காரருக்கு அடுப்பு பற்ற வைக்கத் தெரியாமல் இருக்குமா?

குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டாள்.

"சார், உங்க காப்பகத்துல நெகட்டிவ் எல்லாம் இப்படித்தான் வெப்பீங்களா?"

"ஆமா மேடம். படுக்க வெச்சா ஆடாது பாருங்க. அதான் சேஃப்."

"கரெக்ட் சார். எனக்குத் தெரியாமப் போச்சு."

திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது. ஓடினால் தெரிந்துவிடும்.

தம்பியின் காதில் கிசுகிசுத்தாள். "அந்த ஆளு காப்பகத்துலருந்து வந்தவனே இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"நெகட்டிவைப் படுக்கப் போட்டிருக்கான்."

"அக்கா... இதுக்கெல்லாம் ஒருத்தனை அரெஸ்ட் பண்ண முடியுமா?"

"பண்ண வேண்டாம். அந்தக் காப்பகத்துக்கு ஒரு போன் போடு."

செயலாளர் கொடுத்திருந்த நம்பர் வேண்டாம் என்றாள் அவள். காப்பகத்தின் பொது நம்பரைத் தேடிப் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது.

அதிகாரி தூரத்திலிருந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டார். லாரிக்குள் தாவினார். இன்ஜின் உறுமியது.

"பிடிங்க அவனை!"

கான்ஸ்டபிள்கள் ஓடினார்கள். லாரி கர்ஜித்தது. புகை கக்கியது. குலுங்கியது.

நகரவில்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தார் அதிகாரி. லாரி இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து அவரைக் கொத்தாக இறக்கினார்கள். தங்க ஃபிரேம் கண்ணாடி புல்லில் விழுந்தது.

சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் தடித்த மரக்கட்டைகள் அடித்து இறுக்கியிருந்தன.

"சரிவுல வண்டி நின்னா கட்டை குடுக்கணும்" என்றார் கார்டு மாமா. "கான்ஸ்டபிள் தம்பிகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுதான் குடுத்தேன்."

டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு. அதற்குள் நீளமான கைப்பிடி போட்ட சுத்தியல், ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிற சுத்தியல். ம்யூசியத்துச் சாமான். சுத்தியலின் தலையில் ரத்தக் கறை.

*

அதிகாரி என்று வந்தவர், பழம்பொருள்களைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்கும் தரகர். ஜீப்பில் ஏற்றி வைத்தே விசாரித்தார்கள். அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

"பிளான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சார். காப்பகம் எடுத்துக்குதுன்னு சொன்னா, மேடமே எல்லாத்தையும் அழகா கட்டிக் குடுத்துடுவாங்கன்னு செயலாளர் சொன்னாரு. ஆனா வெள்ளி மண்வெட்டிய எனக்குத் தெரியாம அவர் காலையிலயே கிளப்பப் பாத்தாரு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சந்தேகம்தான் சார். திருடன் சகவாசம்... சீக்கிரமே வந்து பின் கேட் பக்கம் நின்னேன். டிராலியத் தள்ளிட்டு வந்தாரு. அதுலயே சுத்தியல் இருந்துச்சு. கோவத்துல போட்டுட்டேன். டிராலி உருண்டு போய் டமார்னு வெடிச்சதும் எனக்கே உயிர் போயிடுச்சு. கேட்ல யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு. ஷெட்டுக்குப் பின்னால ஓடி, சுவரேறிக் குதிச்சு, லாரிய எடுத்துட்டு, சுத்திக்கிட்டு முன் கேட்டுக்கு வந்தேன்."

"ஓடியே போயிருக்கலாமே?"

"அவ்வளவு சாமான் சார்... மனசு வரல."

ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. இரும்புக்கடைக்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவினார்.

எல்லோரும் காப்பாளரைப் பாராட்டினார்கள். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவிழ்ந்து கிடந்த பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள்.

"என்னக்கா?" தம்பி பக்கத்தில் வந்து குந்தினார்.

"அந்தக் காப்பகத்துல என்ன சொன்னாங்க?"

"இப்படி ஒரு ம்யூசியம் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதாம்."

"அப்ப எடுத்துக்க யாருமே இல்லடா. என் கையாலயே மூட்டை கட்டித் திருடனுக்குக் குடுக்கப் பாத்திருக்கேன். நாளைக்கு மிஷின் வந்துடும். எல்லாம் குப்பை."

"மிஷின் வராது."

"ஏன்?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, அரக்கும் துணியும் எடுத்து வரச் சொன்னார். அவள் பதறிப்போனாள்.

"டேய்... சீல் வைக்கப் போறியா?"

"வெச்சாகணும். மோசடி ஒரு மண்வெட்டியில நடக்கலக்கா. மொத்தத்துலயும் நடந்திருக்கு. பொருளுக்கெல்லாம் இடம் கிடைச்சாச்சுன்னு பொய் சொல்லித்தான் செயலாளர் டிரஸ்டை இடத்தையே விக்க வெச்சிருக்காரு. அப்ப கட்டடமும் கேஸ்ல வரும். கோர்ட் சொல்ற வரைக்கும் இங்கருந்து ஒரு ஆணியக்கூட எவனும் பிடுங்க முடியாது."

"எல்லாத்தையும் ஸ்டேஷனுக்கா கொண்டு போவ?"

"இன்ஜினை நான் தோள்லயா தூக்கிட்டுப் போவேன்? இருந்த இடத்துலயே இருக்கும். பொறுப்பா பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு கோர்ட்ல கேப்பாங்க. உன் பேரைக் குடுக்கப் போறேன். தினம் வந்து துடைச்சு வெச்சுட்டுப் போ."

எந்தப் போலீஸ் பறிமுதலுக்குக் காலையிலிருந்து பயந்து செத்தாளோ, அதன் சீல்தான் இப்போது கதவில் ஏறிக்கொண்டிருந்தது... அவளுடைய ம்யூசியத்துக்குக் காவலாக!

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அவளுக்கு வராமல் இருக்குமா?

"கேஸ் எப்ப முடியும்?"

"முதல் வாய்தாவுக்கே அடுத்த வருஷம் ஆயிடும். அப்புறம் சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல்... நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள தீர்ப்பு வந்தா அதிசயம்."

கார்டு மாமா கண்ணாடி நெகட்டிவ் பெட்டி ஒன்றைப் பத்திரமாக நிமிர்த்தி வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"சர்வீஸ் முழுக்க வண்டி லேட்டாகக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன். இந்தத் தீர்ப்பு மட்டும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு, இறங்கி டீ குடிச்சுட்டு, நிதானமா வரட்டும்."